பழுது பார்க்குமுன் படியெடுப்போம்!

தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் ஏறத்தாழ ஒவ்வொரு மேசையிலும் விரலியோ கையடக்க வன்தட்டோ கிடக்கக் காணலாம். பென்டிரைவ் என்றும் ஹார்ட்டிஸ்க் என்றும் பேச்சு வழக்கில் சொல்கிறோம். ஓர் ஆசிரியரின் பத்தாண்டு, இருபதாண்டு உழைப்பு அதற்குள் அடங்கியிருக்கும். பயிற்சித்தாள்கள், நாள் பாடத்திட்டங்கள், கதை சொல்லும் போட்டிக்கு எழுதிக் கொடுத்த கதைகள், விளையாட்டுப் போட்டிப் படங்கள், பள்ளி ஆண்டு மலர்கள், 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட யுபிஎஸ்ஆர் தேர்வின் பழைய வினாத்தாள்கள் என அந்தப் பட்டியல் நீளும்.

மலாய், ஆங்கிலப் பாடங்களுக்குரிய துணைப்பொருள்கள் கடைகளிலும் இணையத்திலும் குவிந்து கிடக்கின்றன. தமிழுக்கு அந்த வசதி குறைவு. நாமே தட்டச்சு செய்கிறோம். நாமே படம் வரைந்து ஒட்டுகிறோம். நாமே பிழை திருத்துகிறோம். ஆகவே தமிழாசிரியர் ஒருவரின் வன்தட்டு கெட்டுப்போனால், பெரும்பாலும் வேறெங்கும் கிடைக்காத பொருள்தான் அதனோடு போகிறது.

அப்படிப்பட்ட கருவியைக் கணினியில் செருகியவுடன் ஒருநாள் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றுகிறது. “இதில் சிக்கல் உள்ளது, சரிபார்த்துச் சீர்செய்யலாமா?” என்று கணினி கேட்கிறது. சில வேளைகளில், “பயன்படுத்துவதற்கு முன் இதனை ஃபார்மட் செய்ய வேண்டும்” என்கிறது. மணி அடித்துவிட்டது, வகுப்பில் மாணவர்கள் காத்திருக்கிறார்கள். கை தானாகவே ‘ஆம்’ என்பதை அழுத்திவிடுகிறது. அந்த ஒரு நொடியைப் பற்றித்தான் இக்கட்டுரை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பள்ளி நூலகத்தை மனத்தில் கொள்ளுங்கள். ஒரு பக்கம் நூல்கள் அடுக்கிய அலமாரிகள். மறுபக்கம், எந்த நூல் எந்த அடுக்கில் உள்ளது என்று எழுதி வைத்த பதிவேடு. வன்தட்டும் விரலியும் இவ்வாறே இயங்குகின்றன. நம் கோப்பு சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, இடம் கிடைத்த அடுக்குகளில் வைக்கப்படுகிறது. துண்டுகளின் இருப்பிடத்தைத் தனியொரு பதிவேடு குறித்துக் கொள்கிறது. இந்த ஏற்பாட்டிற்குக் கோப்பு முறைமை என்று பெயர்.

கோப்பு முறைமைகளில் நாம் அடிக்கடி காண்பவை மூன்று. 1993இல் வந்த என்டிஎஃப்எஸ், 1996இல் வந்த ஃபேட்32, 2006இல் வந்த எக்ஸ்ஃபேட் ஆகியன அவை. மூன்றும் மைக்ரோசாப்ட் நிறுவனம் தந்தவை. என்டிஎஃப்எஸ் முறை, பதிவேட்டில் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. இடையில் மின்சாரம் நின்றாலும் அக்குறிப்பைக் கொண்டு பதிவேட்டைச் சரிசெய்ய முடியும். ஃபேட்32 முறையிலும் எக்ஸ்ஃபேட் முறையிலும் அக்குறிப்பேடு இல்லை. நம் விரலிகளில் பெரும்பாலானவை இவ்விரு முறைகளில்தான் அமைந்துள்ளன. கோப்பு எழுதப்பட்டுக் கொண்டிருக்கும்போதே விரலியைப் பிடுங்கினால், துண்டு அலமாரிக்குப் போயிருக்கும், பதிவேட்டில் ஏறியிருக்காது. அல்லது பதிவேட்டில் ஏறியிருக்கும். அலமாரி வெறுமையாக இருக்கும்.

2018ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, வெளிக்கருவிகளை விரைவாகக் கழற்றும் ஏற்பாடே இயல்பாக அமைந்துள்ளது. “பாதுகாப்பாக அகற்று” என்பதை இனிச் சொடுக்கத் தேவையில்லை என்று சிலர் கூறுவது இதனால்தான். ஆனால், எழுதும் பணி நடந்துகொண்டிருக்கும்போது பிடுங்கினால் எந்த ஏற்பாடும் காப்பாற்றாது. கோப்பு மூடப்பட்டதா, படியெடுக்கும் பணி முடிந்ததா என்று பார்த்து, முறைப்படி அகற்றுவதே நல்ல பழக்கம். மாணவர்களுக்கும் இதனைச் சொல்லிக் கொடுக்கலாம்.

பழுது ஒன்றல்ல

‘கெட்டுவிட்டது’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் பழுது மூன்று வகைப்படும். வகைக்கேற்ப வைத்தியமும் மாறும்.

முதலாவது, பதிவேட்டுப் பழுது. அலமாரி நலமாக உள்ளது, பதிவேடு குழம்பிவிட்டது. கணினியில் உள்ள சரிபார்க்கும் கருவி பெரும்பாலும் இதற்காகவே அமைந்தது.

இரண்டாவது, பரப்புப் பழுது. வன்தட்டின் உள்ளே சுழலும் தகட்டில் சில பகுதிகள் படிக்க முடியாதவாறு சிதைந்துவிடும். விரலியில் நினைவகச் செல்கள் எழுதி எழுதித் தேய்ந்துவிடும். சரிபார்க்கும் கருவி அப்பகுதிகளைக் கண்டறிந்து, ‘இங்கே இனி எழுதாதே’ என்று குறித்து வைக்கும். அங்கே ஏற்கெனவே இருந்ததை அதனால் மீட்டுத்தர முடிந்தாலும் முடியும், முடியாமலும் போகும்.

மூன்றாவது, உறுப்புப் பழுது. தகட்டைப் படிக்கும் முனை, மோட்டார், மின்சுற்று, செருகுமுனை ஆகியவற்றில் ஏற்படுவது. ‘டிக், டிக்’ என்று ஒலி கேட்கும். அல்லது கருவி அடையாளம் காணப்படாமலே போகும். இதற்கு எந்த மென்பொருளும் மருந்தாகாது. அந்த நிலையில் முழுப் பரப்பையும் சரிபார்க்கச் சொல்வது, கால் முறிந்தவரை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு சுழற்சியும் எஞ்சியிருப்பதை அழிக்கக்கூடும்.

‘சீர்செய்யப்பட்டது’ என்ற சொல்லின் பொருள்

ஸ்கூடாய் வட்டாரத்தின் பழைய முகம் இன்று பலருக்குத் தெரியாது. ரினி தோட்டம் இருந்த நிலத்தில் இன்று முத்தியாரா ரினி குடியிருப்பு விரிந்து நிற்கிறது. தோட்டத்தின் பெயரை ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி தாங்கி நிற்கிறது. இப்படித் தோட்டங்கள் தாமான்களாக மாறிய காலத்தில், அங்கிருந்து வெளியேறிய முதியவர்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்ய வேண்டும் என்று எண்ணியவர், நான் அறிந்த மூத்த ஆசிரியர் ஒருவர். மாணவர்களைத் தத்தம் பாட்டி, தாத்தாவிடம் அனுப்பினார். தாலாட்டு, ஒப்பாரி, பால்மரம் சீவப்போன விடியற்காலைக் கதைகள், லயத்து வாழ்க்கை என்று கைப்பேசியிலேயே பதிவு செய்ய வைத்தார். பழைய பள்ளிக் கட்டடங்களின் படங்களையும் சேர்த்தார். எல்லாம் ஒரே வன்தட்டில் இருந்தன. பின்னர் அவர் ஓய்வுபெற்றார்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு அவர் அதனைத் திறக்க முயன்றபோது சிக்கல் இருப்பதாகக் கணினி அறிவித்தது. உறவினர் ஒருவர் உதவ முன்வந்து, சரிபார்த்துச் சீர்செய்யும் கட்டளையை இயக்கினார். சிறிது நேரத்தில் ‘பிழைகள் சீர்செய்யப்பட்டன’ என்று திரை கூறியது. திறந்து பார்த்தார்கள். கோப்புறைகள் பல வெறுமையாக இருந்தன!

கணினி பொய் சொல்லவில்லை. அதன் வேலை, பதிவேட்டையும் அலமாரியையும் முரணின்றி ஆக்குவது. பதிவேட்டில் பெயர் உண்டு, இருப்பிடம் தவறு என்றால் அப்பெயரை நீக்கிவிடும். அலமாரியில் துண்டு உண்டு, உரிமையாளர் பெயர் இல்லை என்றால் அதனை எடுத்து ஒரு தனிக் கோப்புறையில் போட்டுவிடும். வன்தட்டு மீண்டும் இயங்க வேண்டும் என்பதே அதற்கு இடப்பட்ட பணி. நம் பாட்டியின் தாலாட்டு திரும்ப வேண்டும் என்பது நமது கவலை. இரண்டும் ஒன்றாக அமையும் நாள்களே மிகுதி. அமையாத நாளில்தான் நாம் கண் கலங்குகிறோம்.

அவ்வன்தட்டு என்னிடம் வந்தபோது, மேற்கொண்டு எதுவும் எழுதப்படாமல் அதனை முழுமையாக இன்னொரு வன்தட்டிற்குப் படியெடுத்தோம். அந்தப் படியில், மறைந்துள்ள கோப்புகளையும் காட்டுமாறு அமைத்துப் பார்த்தபோது ‘ஃபவுண்ட்.000’ என்ற கோப்புறை தென்பட்டது. அதனுள் ‘ஃபைல்0000’, ‘ஃபைல்0001’ என்று வரிசையாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் கிடந்தன. ‘சிஎச்கே’ என்று முடிந்த அவற்றின் பின்னொட்டைப் படத்திற்குரியதாக மாற்றியதும் பல படங்கள் திறந்தன. படம் எடுத்த நாள் படக்கோப்பின் உள்ளேயே எழுதப்பட்டிருந்ததால் அவற்றை ஆண்டுவாரியாக அடுக்க முடிந்தது.

ஒலிப்பதிவுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பெயர் போய்விட்டது; நாள் போய்விட்டது; குரல் மட்டும் இருந்தது. அது யாருடைய குரல்? ஒரு சனிக்கிழமை அம்மூத்த ஆசிரியரும் பழைய மாணவர்கள் சிலரும் அமர்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இன்று பெற்றோராகிவிட்ட ஒருவர், தம் பாட்டியின் குரலை இருமலைக் கொண்டே அடையாளம் கண்டார். பாட்டி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நாற்பத்தொரு பதிவுகளில் இருபத்தாறு முழுமையாகத் திறந்தன. அலமாரியில் அடுத்தடுத்த அடுக்குகளில் வைக்கப்பட்டிருந்தவை தப்பின. துண்டு துண்டாகப் பல இடங்களில் சிதறியிருந்தவை தப்பவில்லை. எஞ்சிய பதினைந்து இன்றுவரை மீளவில்லை. அவற்றைப் பாடிக் காட்டியவர்களுள் பலர் இப்போது இல்லை.

ஏட்டுச்சுவடி நமக்குச் சொன்ன பாடம்

இந்தச் சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றை எண்ணிப் பாருங்கள். உ.வே.சாமிநாதையர் 1894ஆம் ஆண்டில் அதனை அச்சிட்டார். அந்நூலில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. எண் இருக்கிறது, பாடல் இல்லை! வேறு சில பாடல்களில் இடையிடையே அடிகள் சிதைந்து, அந்த இடங்களில் வெறும் புள்ளிகளே அச்சாகியுள்ளன. பதிவேட்டில் பெயர் தங்கி, அலமாரி வெறுமையாகிப் போன வன்தட்டின் நிலையும் இதுவேயாகும்.

சாமிநாதையர் சிதைந்த ஏடுகளை எப்படிச் சரிசெய்தார்? ஊர் ஊராகச் சென்று ஒரே நூலின் பல படிகளைத் தேடித் திரட்டினார். ஒன்றில் செல்லரித்த இடத்தை மற்றொன்றைக் கொண்டு நிரப்பினார். அரிபட்ட ஏட்டை எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் போன எழுத்து அதிலிருந்து வாராது. வேறோர் ஊரில், வேறொருவர் என்றோ எழுதி வைத்த படிதான் அதனைத் தந்தது. படி கிடைக்காத இடத்தில், தமிழ் முழுவதையும் கற்ற அந்தப் பேரறிஞரும் புள்ளி வைத்துவிட்டு நகர வேண்டியிருந்தது.

ஓலையின் ஆயுள் குறைவு என்பது நம் முன்னோர்க்குத் தெரியும். அதனால்தான் பழைய ஏடு முற்றிலும் சிதையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள். வன்தட்டிற்கும் விரலிக்கும் ஆயுள் ஓலையைவிடக் குறைவு. சுழலும்போது ஒருமுறை கீழே விழுந்தால் வன்தட்டு முடிந்துவிடலாம். விரலியோ, பயன்படுத்தாமல் இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் அதில் தேங்கியுள்ள மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசிந்து குறையும். ஆகவே விரலியைக் கொண்டு செல்லும் பையாகக் கருதலாம், பெட்டகமாகக் கருதலாகாது.

எந்த வரிசையில் செய்வது?

அறிவிப்பு தோன்றும் நாளில் பதற்றமின்றிச் செய்ய வேண்டியவற்றைக் கீழே வரிசைப்படுத்தியுள்ளேன். அச்சிட்டு ஆசிரியர் அறையில் ஒட்டி வைக்கலாம்.

1. எதனையும் எழுதாதீர்கள். ‘ஃபார்மட்’, ‘சீர்செய்’ ஆகிய இரண்டிற்கும் ‘வேண்டாம்’ என்று சொல்லி அறிவிப்பை மூடுங்கள். அதில் புதிய கோப்பு எதனையும் சேமிக்காதீர்கள்.

2. கம்பியை மாற்றிப் பாருங்கள். பல வேளைகளில் பழுது கம்பியிலோ செருகுதுளையிலோதான் இருக்கும். வேறொரு கம்பி, வேறொரு துளை, வேறொரு கணினி என மூன்றையும் முயலுங்கள். மேசைக் கணினியாயின் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். பல துளைகள் கொண்ட இணைப்பான் வழியாகச் செருகினால் வன்தட்டிற்குப் போதிய மின்சாரம் கிடைக்காமல் போகலாம்.

3. காது கொடுத்துக் கேளுங்கள். ‘டிக், டிக்’ ஒலியோ உராயும் ஒலியோ கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால் தரவு மீட்பு வல்லுநரிடமே கொடுங்கள். வீட்டில் திறந்து பார்ப்பது, குளிர்ப்பெட்டியில் வைப்பது முதலிய கைவைத்தியம் வேண்டாம்.

4. கோப்புகள் கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் படியெடுங்கள். வேறெங்கும் இல்லாதவை முதலில். இணையத்தில் மீண்டும் கிடைக்கக்கூடியவை கடைசியில். ஒரு கோப்பில் கணினி தடுமாறி நின்றால் அதனைத் தாண்டிச் செல்லுங்கள். தடுமாற்றம் மிகுதியாக இருந்தால், கணினி அறிந்த நண்பரின் உதவியோடு ‘டிடிரெஸ்கியூ’ என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தலாம். அது நலமான பகுதிகளை முதலில் படித்து முடித்துவிட்டு, சிதைந்த பகுதிகளைப் பிறகு மீண்டும் மீண்டும் முயலும்.

5. படியைத் திறந்து பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஆங்காங்கே சில கோப்புகளைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள்.

6. இப்போது சீர்செய்யுங்கள். விண்டோஸ் கணினியில் அக்கருவியின் படத்தின்மேல் வலச்சொடுக்கு செய்து, ‘பிராப்பர்டீஸ்’, ‘டூல்ஸ்’, ‘செக்’ என்று செல்லுங்கள். மேக் கணினியில் ‘டிஸ்க் யுட்டிலிட்டி’யில் ‘ஃபர்ஸ்ட் எய்ட்’ உள்ளது. பரப்பு முழுவதையும் சோதிக்கும் முறையைத் தேர்ந்தால் பெரிய வன்தட்டிற்குப் பல மணி நேரம் ஆகும். இடையில் கழற்றாதீர்கள். மடிக்கணினி என்றால் மின்னூட்டக் கம்பியைச் செருகி வையுங்கள்.

7. சீர்செய்த பிறகு, மேலே கூறிய ‘ஃபவுண்ட்.000’ கோப்புறை தோன்றியுள்ளதா என்று பாருங்கள். பின்னர் வன்தட்டின் உடல்நிலையை அறியுங்கள். வன்தட்டு தன் நலக்குறிப்பைத் தானே எழுதி வைக்கிறது. அதற்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் பெரும்பாலான வன்தட்டுகளின் குறிப்பைப் படித்துக் காட்டும். மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறினால், அவ்வன்தட்டை நன்றியோடு ஓய்வுபெறச் செய்யுங்கள்.

தவறுதலாக அழித்துவிட்ட அல்லது ஃபார்மட் செய்துவிட்ட கருவிக்கும் முதல் விதி இதுவே: எதனையும் எழுதாதீர்கள். ‘ஃபோட்டோரெக்’ போன்ற இலவச மென்பொருள், பதிவேட்டை நம்பாமல் அலமாரியை நேரடியாகத் துழாவிக் கோப்புகளை எடுக்கும். மீட்டவற்றை வேறொரு வன்தட்டில்தான் சேமிக்க வேண்டும்.

பழுது போலத் தோன்றுபவை

பொதுக் கணினிகளில் செருகிய விரலி திரும்பி வரும்போது, கோப்புறைகள் அனைத்தும் குறுக்குவழிகளாக மாறியிருக்கும். ‘எல்லாம் போயிற்று’ என்று ஃபார்மட் செய்துவிடுவோர் பலர். இது நச்சுநிரலின் வேலை. உண்மையான கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயே மறைக்கப்பட்டிருக்கும். அந்தக் குறுக்குவழிகளைச் சொடுக்காமல், முதலில் நச்சுநிரல் எதிர்ப்பானால் துப்புரவு செய்யுங்கள். பின்னர், மறைந்துள்ள கோப்புகளையும் கணினி அமைப்புக்குரிய கோப்புகளையும் காட்டுமாறு அமைத்தால் அவை வெளிப்படும்.

இன்னொன்று, போலிக் கருவிகள். இணையச் சந்தையில் ‘2 டெராபைட்’ விரலி சில ரிங்கிட்டுக்கு விற்கப்படுவதைக் காணலாம். உள்ளே இருப்பது அதில் சிறு பங்கு நினைவகமே. கணினிக்குப் பொய்யான அளவைச் சொல்லுமாறு அது திருத்தப்பட்டிருக்கும். உண்மையான அளவு நிரம்பும்வரை எல்லாம் நன்றாக இருக்கும். அதன்பின் எழுதுவன எல்லாம் காற்றில் போகும். இதனை எந்தச் சீர்செய்யும் கருவியாலும் சரிசெய்ய முடியாது. புதிதாக வாங்கியவுடன், வெறுமையாக இருக்கும்போதே, ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவசக் கருவியால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மேலும் ஒரு வேண்டுகோள். கடையில் பழுது பார்க்கக் கொடுக்குமுன், உள்ளே யாருடைய விவரங்கள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். மாணவர்களின் பெயர், அடையாள எண், குடும்ப வருமானம், படங்கள் ஆகியவை நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவை. கூடுமானவரை நாம் உடனிருந்து வேலையைச் செய்விப்பதே முறை.

கோப்பு திறக்கிறது, தமிழ் தெரியவில்லை!

தமிழ்க் கோப்புகளில் இன்னொரு வகைப் பழுதும் உண்டு. வன்தட்டு நலம், கோப்பும் நலம், திறந்தால் புரியாத இலத்தீன் குறிகள்! யுனிகோடு பரவுமுன் நம் நாட்டில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களைக் கொண்டு தட்டச்சு செய்தோம். அக்காலத்தில் திஸ்கி, தாப், தாம் எனக் குறியேற்றங்கள் பல வழக்கில் இருந்தன. அந்தந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகளைப் படிக்க இயலாது. இவற்றைப் பழுதென்று எண்ணி அழித்துவிடாதீர்கள். யுனிகோடுக்கு மாற்றும் மாற்றிகள் உள்ளன. மாற்றிய கோப்போடு மூலக் கோப்பையும் பழைய எழுத்துருவையும் சேர்த்தே வைத்திருங்கள். பழைய பள்ளி மலர்கள் பலவும் இந்த நிலையில்தான் உறங்குகின்றன.

எத்தனை படி? எங்கே?

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 என்ற விதி எளிமையானது. படிகள் 3 இருக்கட்டும்; அவை 2 வகைக் கருவிகளில் இருக்கட்டும்; அவற்றுள் 1 வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

வேறோர் இடம் என்பதன் அருமை ஜொகூர்வாசிகளுக்குத் தெரியும். 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் நம் மாநிலத்தில் மட்டும் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2023 மார்ச்சிலும் பெருவெள்ளம் வந்தது. மூன்று படிகளையும் ஒரே அலமாரியில் அடுக்கி வைத்தால் வெள்ளத்திற்கு அவை ஒரே படிதான். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறு படி இருந்த நூலை மீண்டும் வாங்கலாம். அங்கு மட்டுமே இருந்த கையெழுத்துப் படிகளை எங்கே வாங்குவது? 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகம், ஈழத்து நூல்களைப் படியெடுத்து உலகெங்கும் கிடைக்கச் செய்வதன் அருமை அப்போது நமக்குப் புரியும்.

எல்லாவற்றையும் இணையச் சேமிப்பகத்தில் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அது நல்ல படிதான். ஆயினும் ஒரே படியாக இருக்கக்கூடாது. நம் பள்ளிகளில் பல ஆண்டுகள் பயன்படுத்திய ஃபுரோக் விஎல்இ தளம் 2019இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் கூகுள் வகுப்பறை வந்தது. 2020இல் டெலிமா வந்தது. நாளை வேறொன்று வரலாம். நிறுவனம் தந்த கணக்கு, நாம் அங்கே பணியாற்றும்வரை நமக்கு உரியது. ஓய்வுபெறும் ஆசிரியர் தம் கணக்கைத் தம்மோடு எடுத்துச் செல்வார் என்று நம்பியிருக்க முடியாது.

பள்ளியில் என்ன செய்யலாம்?

செலவு மிகுந்த திட்டம் எதனையும் நான் சொல்லவில்லை. பள்ளிக்கு இரண்டு வன்தட்டுகள் போதும். ஒன்று பள்ளியில்; மற்றொன்று தலைமையாசிரியரின் ஒப்புதலோடு வேறொரு பாதுகாப்பான இடத்தில். மாணவர்களின் தனிவிவரங்கள் இரண்டாவதில் இருக்க வேண்டாம். பாடப்பொருள்கள், மலர்கள், விழாப் படங்கள், ஒலிப்பதிவுகள் போதும். ஆண்டுக்கு இரு முறை, ஓர் ஆசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர் ஒருவரும் அமர்ந்து இரண்டையும் செருகிச் சரிபார்க்க வேண்டும். எதனையும் மாற்றாமல் சோதித்து மட்டும் பார்க்கும் வசதி விண்டோசின் ‘செக் டிஸ்க்’ கட்டளைக்கு உண்டு. நலமாக உள்ள வன்தட்டிற்கு அதுவே போதும். ஐந்தாண்டு ஆனவுடன், கெட்டாலும் கெடாவிட்டாலும், புதிய வன்தட்டிற்குப் பெயர்த்து எழுதிவிடலாம்.

கோப்புகளுக்குப் பெயரிடும் பழக்கத்தையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். ‘புதிய கோப்புறை 7’ என்பது பெயராகாது. ஆண்டு, நிகழ்ச்சி, இடம், பேசுபவர் எனத் தெளிவாக எழுதுங்கள். ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே, பேசுபவர் தம் பெயரையும் ஊரையும் நாளையும் வாயால் சொல்லட்டும். பதிவேடு அழிந்தாலும் குரல் தன்னை யாரென்று சொல்லும். அந்த இருபத்தாறு பதிவுகளுக்கும் இப்போது அவ்வாறே பெயரிட்டு, மூன்று இடங்களில் வைத்துள்ளோம். பதினைந்து பதிவுகளின் பட்டியலையும் மூத்த ஆசிரியர் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்துள்ளார். எண் இருக்கிறது, பாடல் இல்லை.

அப்பட்டியலில் உள்ளவர்களில் மூவர் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். வரும் பள்ளி விடுமுறையில் மாணவர்களை மீண்டும் அவர்களிடம் அனுப்ப எண்ணியுள்ளோம். உங்கள் பள்ளியிலும் இத்தகைய வன்தட்டு ஒன்று ஏதாவது இழுப்பறையில் இருக்கக்கூடும். அது திறக்கும் நிலையில் இருக்கும்போதே இன்னொரு படி எடுத்துவிடுங்கள்.